அவரைக்கு ஏன் ஆடிப்பட்டம்?

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



வீட்டுத் தோட்டத்தில் அவரை போடுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘இதுல பேச என்னய்யா இருக்கு, ஆடிப்பெருக்கு அன்னைக்கு நாலு விதையை ஊனிவிட்டா அது பாட்டுக்கு ஏறிக் காய்க்குது’ என்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் ஏன் ஆடி? கிணற்றில் தண்ணீர் கிடந்தால் பங்குனியில் போடக் கூடாதா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஒரு விதையையே தொலைத்தவன் நான். அதனால்தான் இதைப் பேசும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் பிரான்மலைக்குப் பக்கம். மானாவாரிப் பூமி. நான் படிப்பை முடித்து ஊருக்கு வந்த வருஷம் கிணற்றைத் தூர் வாரி ஆழப்படுத்தினோம். கோடையிலும் தண்ணீர் நின்றது. கொல்லையில் பந்தல் சும்மா கிடந்தது. எங்க ஆத்தா ஒரு சுரைக்குடுக்கையில் சாம்பலோடு அவரை விதை போட்டு உத்தரத்தில் கட்டி வைத்திருப்பார். பட்டைக் காய், ஓரத்தில் மட்டும் சேலைக்குக் கரை போட்டது மாதிரி ஊதாக் கோடு ஓடும். ஊதாக்கரை அவரை என்று எங்கள் வீட்டில் பேர்.

நான் படித்தவன் அல்லவா? ஒரு தோட்டக்கலைப் புத்தகத்தில் ‘பிராட் பீன்ஸ்: பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விதைக்கலாம்’ என்று பார்த்திருந்தேன். அகராதியைப் புரட்டினால் பிராட் பீன் என்றால் அவரை என்று போட்டிருந்தது. பிறகென்ன?

“ஆத்தா, தண்ணி கெடக்குல்ல, இப்பவே ஊனிருவோம்” என்றேன்.

“அவரைக்கு ஆடிதாம்ப்பா. இப்பப் போட்டா கொடிதான் ஓடும்.”

“ஏன் அப்படி?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்க ஆத்தா அப்படித்தான் போட்டாக.”

காரணம் சொல்லத் தெரியாததை நான் அறியாமை என்று எடுத்துக்கொண்டேன். குடுக்கையைக் கவிழ்த்து அத்தனை விதையையும் பங்குனியில் ஊன்றிவிட்டேன். கொடி என்றால் அப்படி ஒரு கொடி! வைகாசியில் பந்தல் தெரியவில்லை. ஆனியில் ஓட்டுக்கூரை மேலே ஏறிவிட்டது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஒரு மொட்டுக் கிடையாது. ஆடி பிறந்தது. ‘மலட்டு விதை’ என்று எனக்குக் கோபம். ஆத்தா சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அடியோடு வெட்டி ஆட்டுக்குப் போட்டுவிட்டேன்.

திரும்பி வந்த ஆத்தா பந்தலைப் பார்த்தார். குடுக்கையை இறக்கித் தட்டிப் பார்த்தார். சாம்பல்தான் கொட்டியது. ஒரு வார்த்தை வையவில்லை. “இன்னும் மூணு மாசம் பொறுத்திருந்தாப் பூத்திருக்குமேய்யா” என்று மட்டும் சொன்னார்.

அந்த மூன்று மாசக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள நாம் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இரண்டாயிரம் வருஷம் போனால் போதும்.

பறம்பு மலையைப் பாரி ஆண்டதும், மூவேந்தரும் அவரை வளைத்துக்கொண்டதும் உங்களுக்குத் தெரிந்த கதை. அந்தப் பறம்பு எங்கள் பிரான்மலைதான் என்பார்கள். பாரி போன பிறகு அவர் நாட்டை நினைத்துக் கபிலர் பாடிய பாட்டு புறநானூற்றில் 120-வது. அழுகைப் பாட்டுத்தான், ஆனால் அதற்குள் ஒரு முழு வெள்ளாமை இருக்கிறது. மழை பெய்து ஈரம் கண்டதும் பல சால் ஓட்டுகிறார்கள். விதைத்து, களை எடுக்கிறார்கள். வரகு அறுக்கிறார்கள். தினை கொய்கிறார்கள். எள்ளுக்காய் கறுக்கிறது. கடைசியாக அவரைக்காய் பறிக்கும் பக்குவத்துக்கு வருகிறது. இந்த வரிசையைக் கவனியுங்கள். எல்லாம் வீட்டுக்கு வந்த பின்னால்தான் அவரை. இன்றைக்கு எங்கள் ஊர் மானாவாரிக் காட்டிலும் கடைசியாகக் கைக்கு வருவது மொச்சையும் அவரையும்தான்.

இன்னொரு பாட்டு குறுந்தொகையில் 82-வது. கடுவன் மள்ளன் என்ற புலவர் பாடியது. வருகிறேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை, காத்திருக்கிறவள் புலம்புகிறாள். அவன் சொன்ன கெடு முன்பனிக் காலம். அந்தக் காலம் வந்துவிட்டது என்பதற்கு அவள் காட்டுகிற சாட்சி என்ன தெரியுமா? அவரை பூத்துவிட்டது என்பதுதான். மலைக்காரன் தினை அறுத்த காட்டில், மறுபடி துளிர்த்த தினைத்தாளோடு அவரைக்கொடி பூத்து நிற்கிறது.

இதில் இரண்டு விஷயம் எனக்குப் படுகிறது. ஒன்று, தினையும் அவரையும் ஒரே காட்டில் நிற்கின்றன. தினை போன பிறகு அந்தத் தாள்தான் அவரைக்குக் கொழுகொம்பு. அவரை வேரில் முடிச்சு இருக்கும், பிடுங்கிப் பார்த்திருப்பீர்கள்; காற்றிலிருக்கிற தழைச்சத்தை அந்த முடிச்சிலுள்ள நுண்ணுயிர் பிடித்துக் கொடுக்கிறது. அது நிலத்துக்கும் நல்லது. இன்னொன்றுதான் முக்கியம். கண்ட நேரத்தில் பூக்கிற பூவை யாரும் கெடுவுக்குச் சாட்சியாக வைக்க மாட்டார்கள். அவரை வருஷா வருஷம் தவறாமல் பனிக்கு முன்னாலோ பனியோடோ பூக்கும் என்பது அந்தக் காலத்துச் சனங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எங்க ஆத்தாவுக்குத் தெரிந்த கணக்கு அதே கணக்கு.

அவரை நம் பக்கத்துக்கு வந்தது அதற்கும் முந்தி. கர்நாடகத்தில் துங்கபத்திரைக் கரையில் ஹள்ளூர் என்று ஒரு பழைய ஊர் மேடு உண்டு. அங்கே தோண்டியபோது கம்போடு கருகிப்போன அவரை விதை கிடைத்தது. சுமார் 3,500 வருஷத்துக்கு முந்தியது. அடுப்பங்கரையில் சிந்திக் கருகியதால்தான் மக்காமல் தப்பியது. அதற்கும் முந்தி எங்கே இருந்தது என்றால் ஆப்பிரிக்காவில். காட்டு அவரை அங்கேதான் இயற்கையாக வளர்கிறது. 2023-ல் வெளியான மரபணு ஆய்வு, மனிதர்கள் இதை இரண்டு தடவை தனித்தனியாகக் காட்டிலிருந்து பழக்கியிருக்கிறார்கள் என்று காட்டுகிறது. மொச்சை வேறு, அவரை வேறு என்று நாம் பேசினாலும் இரண்டும் ஒரே இனம்தான். தோலோடு தின்ன ஏற்றது அவரை, பருப்புக்கு ஏற்றது மொச்சை. கன்னடத்தில் அவரே, தெலுங்கில் சிக்குடு, இந்தியில் சேம், மராத்தியில் வால்.

ஆப்பிரிக்காவைப் பற்றி இன்னொரு சேதி. கென்யாவில் கிக்குயு மக்கள் கறுப்பு அவரையை ‘ந்ஜாஹி’ என்பார்கள். பிள்ளை பெற்ற தாய்க்கு அதைத்தான் ஆக்கிப்போடுவார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில், ஏற்றுமதிக்கு ஆகும் என்று வேறு பீன்ஸ் ரகங்களைப் பயிரிடச் சொல்லித் தூண்டினார்கள். 1963-ல் அந்த நாடு விடுதலை அடைவதற்குள் ந்ஜாஹி வயல்கள் வெகுவாகச் சுருங்கிவிட்டன. பெண்கள் கையில் இருந்த பயிர், பெண்களைக் கேட்காமல் குறைந்துபோனது. நான் செய்ததும் சின்ன அளவில் அதே காரியம்தான்.

சரி, அந்தப் புத்தகம் பொய் சொன்னதா என்றால், இல்லை. அது சொன்ன பயிர் வேறு. இங்கிலாந்துக்காரர்கள் பிராட் பீன் என்பது மத்தியதரைக்கடல் பக்கத்துக் குளிர்ப் பயிர். அது கொடியே இல்லை. சதுரத் தண்டோடு நிமிர்ந்து நிற்கும் செடி. எகிப்தில் காலைச் சாப்பாடே அதுதான். வடநாட்டில் பாக்லா என்று மாரிக்காலத்துக்குப் பின் பனியில் போடுகிறார்கள். இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு கொல்லையில் உண்டு. பனி விலகுகிற மாசி, பங்குனியில் ஊன்றி ஆனி, ஆடியில் காய் பறிப்பார்கள். வெயில் ஏறினால் அதற்கு ஆகாது. அங்கிருந்து வந்தவர்கள் நம் அவரையின் பட்டைக் காயைப் பார்த்துத் தங்கள் ஊர்ப் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். விதைப் பொட்டலத்தில் இன்றைக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேர் ஒன்றாக இருந்தால் பட்டமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பியது என் தப்பு.

இப்போது அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்கு வருவோம். விடை கிடைத்தது அவரையில் அல்ல, புகையிலையில்.

அமெரிக்காவில் மேரிலாந்து என்ற பகுதியில் ஒரு புகையிலை ரகம் தலைகாட்டியது. கோடை முழுக்க வளரும், பத்தடிக்கு மேல் போகும், பூக்காது. உறைபனி வந்து செத்துப்போகும். விதை எடுக்க வழியில்லை. ஆனால் அதையே குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் சின்னத் தொட்டியில் வைத்தால் குட்டையாக இருக்கும்போதே பூத்தது. கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அரசாங்க விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தார்கள். அவர்களிடம் ஒரு சோயா மொச்சை ரகமும் இருந்தது. அதை வாரத்துக்கு வாரம் தள்ளித் தள்ளி விதைத்தாலும், முன்னே விதைத்ததும் பின்னே விதைத்ததும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்துத் தொலைத்தன. வெப்பமா, ஈரமா, உரமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எதிலும் பிடி கிடைக்கவில்லை.

கடைசியில் 1918-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஒரு வேலை செய்தார்கள். ஜன்னல் இல்லாத சிறு கொட்டகை ஒன்று கட்டி, நல்ல வெயில் இருக்கும்போதே தொட்டிகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். மறுநாள் பொழுது நன்றாக ஏறிய பிறகுதான் வெளியே எடுத்தார்கள். செடிக்கு ஒரு நாளைக்கு 7 மணி நேரம்தான் பகல். நடுக் கோடையிலேயே அந்தச் செடிகள் பூத்தன! பக்கத்தில் வெளியே நின்ற செடிகள் பூக்கவில்லை. இந்த முடிவை 1920-ல் வெளியிட்டார்கள். சில செடிகள் பகல் குறைந்தால்தான் பூக்கும். சில, பகல் நீண்டால்தான் பூக்கும். சிலதுக்கு அந்தக் கணக்கே இல்லை.

1938-ல் ஹாம்னர், போனர் என்ற இருவர் இன்னும் ஒரு படி போனார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது நம் ஊரில் மந்தை ஓரத்தில் முளைத்து, வேட்டியிலும் ஆட்டு மயிரிலும் ஒட்டிக்கொள்ளும் மருளூமத்தை. நீண்ட இரவின் நடுவே கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டு அணைத்தார்கள். அவ்வளவுதான், செடி பூக்கவில்லை. ஆக, இந்த மாதிரிச் செடிகள் எண்ணுவது பகலை அல்ல, இரவை. இடையில் வெளிச்சம் படாத நீண்ட இருட்டு வேண்டும்.

நம் நாட்டுக் கொடியவரை அந்த ஜாதிதான். இரவை எண்ணிப் பூக்கிற கொடி.

திருச்சி, மதுரைப் பக்கம் ஆனி மாதத்தில் பகல் ஏறக்குறைய 12 மணி 45 நிமிஷம். மார்கழியில் 11 மணி 30 நிமிஷம். வித்தியாசம் ஒண்ணேகால் மணி நேரம்தான். நமக்கு அது உறைப்பதே இல்லை, அவரைக்கு உறைக்கிறது. புரட்டாசியில் பகலும் இரவும் சமமாகி, அதற்குப் பின்னால் இரவு நீளத் தொடங்கும்போது கொடி உள்ளுக்குள் தயாராகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பூங்கொத்து விடுகிறது. மார்கழியில் காய், தையில் காய், மாசி வரைக்கும் காய். பொங்கலன்று பல காய் போட்ட குழம்பில் அவரையும் மொச்சையும் இல்லாத வீடு உண்டா? பண்டிகைக்காக அது காய்க்கவில்லை. அது காய்க்கிற காலத்தில் நாம் பண்டிகை வைத்திருக்கிறோம்.

நான் பங்குனியில் போட்ட கொடி மலடு இல்லை. நீண்ட பகலில் இலை விட்டுக்கொண்டு, இரவுக்காகக் காத்திருந்தது. இன்னொன்றும் பாருங்கள். ஆடியில் ஊன்றினாலும் ஆவணியில் ஊன்றினாலும் அந்தச் சோயா மாதிரி அவரையும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில்தான் பூக்கும். ரொம்ப முந்திப் போட்டால் தண்ணீரும் எருவும் இலைக்குப் போகும். ஐப்பசியில் போட்டால் கொடி பந்தல் ஏறுவதற்குள் பூத்துவிடும். நாலு கொத்தோடு சரி. பந்தல் நிறைய கொடி, கொடி நிறைய பூ என்று இரண்டும் ஒத்துவருவது ஆடியில் போட்டால்தான். ஆத்தாவுடைய ஆத்தா சொன்னதற்கு இதுதான் காரணம். காரணம் 1920-ல் வந்தது, பட்டம் எப்போதோ வந்துவிட்டது.

இந்தக் கணக்கை உடைக்கவும் விஞ்ஞானிகள் முயன்றார்கள். 1964-ல் தொடங்கிய பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து ஹெப்பாள் அவரை 3, ஹெப்பாள் அவரை 4 என்ற ரகங்கள் வந்தன. இவை இரவை எண்ணுவதில்லை. கொடியும் ஓடாது, குத்துச்செடியாக நிற்கும். நம் கோயம்புத்தூரிலிருந்தும் குத்தவரை ரகங்கள் வந்திருக்கின்றன. வருஷம் முழுக்க எந்த மாதமும் விதைக்கலாம். பந்தல் செலவு கிடையாது. விற்பனைக்குப் போடுகிறவர்களுக்கு இது பெரிய உபகாரம். சித்திரையில் சந்தைக்கு அவரை வருகிறது என்றால் இதனால்தான். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக் கொல்லைக்கு என்னைக் கேட்டால் கொடியவரைதான். ஒரு குழியில் நாலு மாசம் ஓயாமல் காய் தருவது அதுதான். மணமும் அதில்தான். இது என் நாக்கு சொல்வது, உங்கள் நாக்கு வேறு சொல்லலாம்.

போடும் முறை உங்களுக்குத் தெரியாததில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்கு இரண்டு குழி தாராளம். ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம். மக்கிய தொழு உரத்தை மேல்மண்ணோடு கலந்து நிரப்பி நாலு விதை ஊன்றுங்கள். முளைத்ததும் தெம்பான இரண்டை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். ஆறடி உயரத்தில் பந்தல் போதும், கை எட்ட வேண்டும். கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும். ஐப்பசி மழையில் குழியில் தண்ணீர் நிற்கக் கூடாது. எருவை அள்ளிக் கொட்டினால் இலைதான் பெருக்கும்.

தெரு விளக்குக்கு நேர் கீழே, அல்லது இரவெல்லாம் எரிகிற வாசல் விளக்குப் பக்கத்தில் பந்தல் போடாதீர்கள். மருளூமத்தைக்கு நேர்ந்தது நினைவிருக்கட்டும். ‘பக்கத்து வீட்டில் பூத்துவிட்டது, எனக்கு மட்டும் பூக்கலை’ என்கிறவர்கள் முதலில் ராத்திரி வெளியே வந்து பந்தலைப் பார்க்க வேண்டும்.

பனி விழத் தொடங்கினால் அசுவினி வரும். கொழுந்திலும் பூங்காம்பிலும் கறுப்பாக அப்பிக்கொள்ளும். எறும்பு மேலும் கீழும் ஓடினால் அசுவினி வந்தாச்சு என்று அர்த்தம். தொடக்கத்திலேயே அந்த நுனியைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். காலைப் பனி ஈரத்தோடு இலையில் சாம்பல் தூவுவது பழைய வழக்கம், கொஞ்சமாக இருந்தால் அதுவே அடக்கும். அதிகமானால் அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீராக்கித் தெளியுங்கள். கொஞ்சம் சோப்புத் தண்ணீர் சேர்த்தால் ஒட்டும். வீட்டுக்குத் தின்கிற காயில் கடை விஷம் வேண்டாமே.

முற்றிய விதையைச் சமைக்கும்போது, அதிலும் கறுப்பு விதை என்றால், ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாக வேகவையுங்கள். ஊறிய மொச்சையைப் பிதுக்கித் தோலை எறிகிற பழக்கம் வெறும் ருசிக்காக வந்ததில்லை.

ஊதாக்கரை என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தை மாதம் அக்காவைப் பார்க்க அவள் ஊருக்குப் போயிருந்தேன். கொல்லைப் பக்கம் கை கழுவப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். வேலி முழுக்க ஊதாக்கரை. கல்யாணமாகிப் போகும்போது ஆத்தா அவள் முந்தானையில் முடிந்துகொடுத்த விதையாம்.

“ஏண்டா தம்பி, அவரைக்காயை இதுக்கு முன்ன பாத்ததில்லையா?” என்றாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஆத்தா என்ன சொன்னாக?” என்று கேட்டாள்.

மாசியில் ஆள் அனுப்பிப் பத்து நெற்று கொடுத்துவிட்டாள். விதைக்கு விடுகிற காயைச் சீசன் நடுவில், பூச்சி படாத கொடியில், நடுக்கொத்தில் பார்த்துக் கயிறு கட்டி வைக்க வேண்டும் என்று சொல்லியும் அனுப்பினாள். நெற்று கொடியிலேயே காய்ந்து சலசலவென்று ஓசை கேட்க வேண்டும். நிழலில் இரண்டு நாள், வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, சலித்த சாம்பலோடு குடுக்கையிலோ மண்கலயத்திலோ போட்டு வாயை மூடிவிட்டால் வண்டு அண்டாது. மொத்தத்தையும் ஒரே வருஷத்தில் ஊன்றிவிடாதீர்கள், பாதியை வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சத்தை அடுத்த ஊரில் இருக்கிற அக்கா, தங்கச்சி வீட்டிலும் கொடுத்து வையுங்கள்.

அந்தப் பத்து நெற்றையும் ஆத்தா கையில் கொடுத்தேன். வாங்கி, உரித்து, எண்ணி, குடுக்கையில் போட்டு உத்தரத்தில் கட்டினார். அந்த வருஷம் ஆடி பதினெட்டு வரைக்கும் நான் அந்தக் குடுக்கைப் பக்கமே போகவில்லை.